இருட்டில் இருக்க வேண்டிய தட்டு

1

போன வாரம் ஆய்வுக்கூடத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம் முடிகிறதாம். எனக்கே நினைவில்லை. ஜெர்மானியர்கள் எதை மறந்தாலும் தேதியை மறக்க மாட்டார்கள். பேராசிரியர் எழுந்து நின்று, இந்தக் கூடத்திலேயே நம்பிக்கையான கை என்னுடையதுதான் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் சிரித்து வைத்தேன்.

ஊரில் என் அண்ணன் பரப்பி வைத்திருக்கும் செய்தி வேறு. தங்கச்சி ஜெர்மனியில் விஞ்ஞானி என்று கீழ்வேளூர்க் கடைத்தெருவில் சொல்லித் திரிகிறாராம். நான் விஞ்ஞானி இல்லை. விஞ்ஞானிகள் கேட்கிற செல்களை வளர்த்துக் கொடுக்கிற உதவியாளர். நாற்றுவிட்டுக் கொடுப்பவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டு அறுத்துப் பெயர் வாங்குகிறவர்கள் வேறு. அதில் எனக்கு வருத்தமில்லை. கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு அந்தக் கணக்கு பழகியதுதான்.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. நான் ஒரு பெண்ணுக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். இங்கே சொல்லிப் பார்த்தேன், என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். தமிழில் எழுதினால் பொய் கலக்காமல் சொல்ல முடியும் என்று ஒரு நம்பிக்கை.

2

எங்கள் கூடத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. அதில் மங்கலான மஞ்சள் விளக்கு மட்டும் எரியும். எதற்கு என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்லுக்குள் ஆர்என்ஏ என்று ஓர் இழை இருக்கிறது. எந்தப் புரதத்தை எப்போது செய்ய வேண்டும் என்ற செய்தியை அதுதான் சுமக்கிறது. அது தனியாகத் திரிவதில்லை. ஏதாவது ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும், ஒன்று விட்டால் இன்னொன்று பிடிக்கும். பிடிக்கக் கூடாதது பிடித்தாலோ, பிடிக்க வேண்டியது விட்டாலோ நோய் தொடங்கலாம். ஆனால் இந்தப் பிடி கண நேரம்தான். செல்லை உடைத்துப் பார்ப்பதற்குள் விட்டுவிடும்.

அதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆர்என்ஏ நான்கு வகை எழுத்துகளால் ஆனது. அதில் ஒன்றை மட்டும் லேசாக மாற்றி, ஓர் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கந்தகத்தை வைத்துச் செல்லுக்கு ஊட்டுவோம். செல்லுக்கு வித்தியாசம் தெரியாது, தன் எழுத்து என்று நினைத்து இழையில் கோத்துக்கொள்ளும். இருட்டில் அந்த எழுத்து பரம சாது. அதற்கு ஏற்ற புற ஊதா ஒளி பட்டால், அந்த நொடியில் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் விடாது. பிறகு செல்லை உடைத்துப் புரதத்தை இழுத்தால் ஆர்என்ஏவும் கூடவே வரும், படத்தில் கறுப்புப் பட்டையாகத் தெரியும்.

இதில் எப்போதும் இரண்டு தட்டுகள் வைப்பார்கள். இரண்டிலும் ஒரே செல்கள், ஒரே தீனி. ஒன்றுக்கு ஒளி காட்டுவார்கள். இன்னொன்று இருட்டிலேயே இருக்க வேண்டும். ஒளி பட்டதில் பட்டை வர வேண்டும், இருட்டுத் தட்டில் வரக் கூடாது. இருட்டுத் தட்டிலும் வந்துவிட்டால், அந்தப் புரதம் கண்டதோடும் ஒட்டுகிற ரகம் என்று சொல்லி மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நஸ்ரின் இந்த வேலைக்காகத்தான் வந்தாள். பட்டுக்கோட்டைக்காரி. அவளுடைய அப்பா, அவள் சொல்வதில் அத்தா, வளைகுடாவில் கடை வைத்திருந்தார், சொந்தத்தில் பாதிப் பேர் தேங்காய் வியாபாரம். அந்தக் குடும்பத்திலிருந்து முனைவர் பட்டத்துக்கு என்று வெளிநாடு போன முதல் பெண். கல்யாணத்தை மூன்று வருடம் தள்ளிப் போடச் சம்மதம் வாங்குவதற்குள் விசா வாங்கும் வேலை சுலபமாகிவிட்டது என்று சொல்லிச் சிரிப்பாள். வந்த முதல் நாளே என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு, "அக்கா, நீங்க எந்த ஊரு?" என்றாள். கீழ்வேளூர் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு மூன்று வருடம் அந்தக் கூடத்தில் எனக்கு ஒரு தங்கை இருந்தாள்.

அவள் நம்பிய புரதம் ஒன்று இருந்தது. ஒரு நரம்பு நோயில் அது குறிப்பிட்ட ஆர்என்ஏவைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை என்பது அவள் வாதம். அதை நிரூபிக்க நரம்பு செல்கள் வேண்டும். நோயாளி கொடுத்த தோல் செல்லிலிருந்து தொடங்கி, அதன் இயல்பை மாற்றி, நரம்பு செல்லாக வளர்த்தெடுக்கக் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் பத்து வாரம் பிடிக்கும். நடவிலிருந்து அறுப்புவரை குறுவைக்கு ஆகிற காலத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அந்தப் பயிரை வளர்த்தது நான்.

3

எங்கள் தெருவில் விளக்கு வைக்கிற நேரம் என்பதில் பக்தி கொஞ்சம்தான். மீதி பயம்.

சம்பா அறுப்பு முடிந்ததும் எலி வீட்டுக்கு வரும். எலிக்குப் பின்னால் விரியன் வரும். வைக்கோல், கோணிச் சாக்கு, அடுப்படி மூலை, எங்கே சுருண்டிருக்கிறது என்று தெரியாது. என் சித்தி ஒரு தை மாதம், பொழுது சாய்ந்து விளக்கு வைப்பதற்கு முன்னால், இருட்டு அறைக்குள் முறம் எடுக்கப் போனாள். நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. முறத்தைக் கேட்டது என் அம்மா.

அதன் பிறகு அம்மா எங்களை அடித்து வளர்த்த ஒரே விஷயம் இதுதான். பொழுது சாய்ந்தால் எந்த அறையிலும் கால் வைப்பதற்கு முன்னால் வெளிச்சம் வர வேண்டும். மின்சாரம் வந்த பிறகு கை முதலில் சுவிட்சுக்குப் போக வேண்டும், அப்புறம்தான் கால். மறந்தால் முதுகில் விழும். படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தேன். இங்கே விரியனும் இல்லை, வைக்கோலும் இல்லை. கைக்கு அது தெரியவில்லை.

4

இந்த நாட்டில் டிசம்பரில் நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. நடைபாதையின் கோடியில் உள்ள கண்ணாடி கறுக்கத் தொடங்கினால் எனக்குள் ஒரு பதற்றம் வரும்.

அன்று நஸ்ரினின் செல்களுக்குப் பத்து வாரம் முடிந்திருந்தது. மதியத்திலிருந்து மஞ்சள் அறைக்குள் இருந்தாள். முதல் தட்டுக்கு ஒளி காட்டிச் செல்களைச் சுரண்டி எடுத்து உறைபெட்டியில் வைத்துவிட்டாள். இருட்டுத் தட்டு பனிக்கட்டியின் மேல் முறைக்குக் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்து அவள் அத்தாவிடமிருந்து அழைப்பு. வேலை நேரத்தில் கூப்பிடுகிற மனிதர் இல்லை அவர். என்னவோ என்று பயந்து வெளியே ஓடினாள். அறையே இருட்டு என்பதால் தட்டை மூடாமல் போயிருக்கிறாள்.

எனக்கு அந்த அறையில் ஒரு பெட்டி வேண்டியிருந்தது. கதவைத் திறந்தேன். பின்னால் நடைபாதை இருண்டிருந்தது, முன்னால் அறை மஞ்சள் மங்கலில் இருண்டிருந்தது. கை போய் சுவிட்சைத் தட்டிவிட்டது. மஞ்சள் விளக்கின் சுவிட்சு அல்ல, மேல்கூரையின் பழைய குழல்விளக்கு. துப்புரவுக்கு வருகிறவர்கள் மட்டும் போடுவது; அதில் கொஞ்சம் புற ஊதாவும் கசியும்.

வெளிச்சம் வந்ததும் மனசு சாந்தமாகிவிட்டது. அதுதான் கொடுமை. நிதானமாகப் பெட்டியைத் தேடினேன், குப்பிகளை எண்ணி அடுக்கினேன். பதினைந்து நிமிடம் இருக்கும். போகலாம் என்று திரும்பும்போதுதான் மேசைக் கோடியில் பனிக்கட்டியின் மேல் அந்தத் தட்டைப் பார்த்தேன். திறந்து கிடந்தது. பக்கத்தில் நஸ்ரினின் கையெழுத்தில் ஒரு சீட்டு, 'இருட்டு' என்று ஜெர்மனில்.

விளக்கை அணைத்தேன். அப்புறம் செய்ததற்குக் கையைக் குற்றம் சொல்ல முடியாது. அலுமினியத் தாளைக் கிழித்துத் தட்டைப் பதமாக மூடினேன். ஆரம்பத்திலிருந்தே மூடி இருந்ததுபோல ஓரங்களை அழுத்தி விட்டேன். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் நஸ்ரின் என் மேசைக்கு வந்தாள். அத்தாவுக்கு நெஞ்சுவலி, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். கண் சிவந்திருந்தது. "தட்ட மூடாமப் போயிட்டேன்க்கா. நீங்கதானே மூடுனீங்க? நல்லவேளை" என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. நெஞ்சுவலி என்று கேட்டுவிட்டு வந்த பெண்ணிடம் இதையும் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

5

அந்த மாதம் எனக்கு இன்னொரு விவகாரம் இருந்தது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு தேதி கிடைக்க ஐந்து மாதம் தவம் கிடக்க வேண்டும். முதல் முறை போனபோது, உங்கள் குடும்பப் பெயரும் கணவரின் குடும்பப் பெயரும் ஏன் வேறு வேறு என்று கேட்டார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இது அப்பா பெயர் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார். அன்று முதல் எல்லாக் காகிதத்திலும் நான் 'திருமதி முருகையன்'. என் அப்பா உயிரோடு இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

இரண்டாம் முறைக்கு வேலை கொடுப்பவரின் கடிதம் கேட்டார்கள். நடத்தை, பொறுப்பு, வேலையின் உறுதி எல்லாம் எழுதிப் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். அதை அவரிடம் கேட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை, நஸ்ரினின் படம் வந்துவிட்டது.

ஒளி பட்ட தட்டில் பட்டை கன்னங்கரேலென்று இருந்தது. இருட்டுத் தட்டிலும் இருந்தது. மங்கல்தான், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. நஸ்ரின் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வாராந்தரக் கூட்டத்தில் பேராசிரியர் முறையாக விசாரித்தார். அன்று கூடத்தில் இருந்தது நான்கு பேர். மஞ்சள் அறையில் யாராவது மேல்விளக்கைப் போட்டீர்களா என்று ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லிக் கேட்டு, பதிலை நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். மொழி புரியவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். எத்தனையோ இடத்தில் அப்படித் தப்பித்திருக்கிறேன், மருத்துவரிடம் 'வலி இல்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'வலி வேண்டாம்' என்று சொல்லி ஊசி வாங்கியவள் நான். அன்று ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"நைன்" என்றேன். இல்லை என்று அர்த்தம். அவர் எழுதிக்கொண்டார். நஸ்ரின் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த காரணத்துக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் அண்ணனிடம் பேசினேன். அங்கே கடைமடையில் மழைத் தண்ணீர் வடியாமல் பயிர் மூழ்கிக் கிடந்தது. அவர் கவலை அவருக்கு. ஆனாலும் முழுதும் கேட்டார். பிறகு, "பாப்பா, வாயத் தொறக்காத. காயிதம் கைக்கு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நான் எதிர்பார்த்ததும் இதைத்தான். வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். அதனால்தான் அண்ணனிடம் கேட்டேன்.

கடிதம் வந்தது. அதில் பேராசிரியர் என்னை வானளாவப் புகழ்ந்திருந்தார். அலுவலகத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். இனிச் சொல்லிவிடலாம் என்றால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி புதிதாக முளைத்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்குச் சோற்றைக் கிளறவே பயம்.

6

நஸ்ரின் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாய்ப்பு வாங்கினாள். ஒரே ஒரு முறை. அவளுடைய ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது.

எனக்கு உயிர் வந்தது. செல்களை மறுபடி வளர்த்துக் கொடுத்தால் சோதனை சரியாக வரும், பழைய படம் தானாகக் குப்பைக்குப் போகும், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். அந்தப் பத்து வாரம் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் போய்த் தீனி மாற்றினேன். பிள்ளைக்குக்கூட இப்படிப் பார்த்தவள் இல்லை.

பிள்ளை அதைச் சொல்லியும் காட்டினாள். என் மகள் இனியாவுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். இப்போதெல்லாம் கேள்வி நீளமாக இருக்கிறது, பதில் ஒரு சொல்லாக இருக்கிறது. மூன்றாவது ஞாயிறும் நான் காலணியை மாட்டியபோது, தான் அந்தத் தட்டில் பிறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஜெர்மனில் முணுமுணுத்தாள். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பாள். புரியாததுபோலவே கதவைச் சாத்திக்கொண்டு போனேன்.

பிப்ரவரியில் கட்டடம் முழுக்கப் பழைய குழல்விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினார்கள். மின்சாரச் சிக்கனமாம். மஞ்சள் அறையின் குழல்விளக்கை ஒருவன் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போனான். அதிலிருந்து கசிந்த புற ஊதாதான் அந்தப் பட்டைக்குக் காரணம் என்று இனி யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது அந்த நிம்மதியை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் கடைசியில் இரண்டாவது படம் வந்தது. ஒளி பட்ட தட்டில் பட்டை. இருட்டுத் தட்டு துடைத்துவிட்டதுபோல இருந்தது. நஸ்ரின் நோன்பு வைத்திருந்தாள், உதடு வறண்டிருந்தது, ஆனாலும் நடைபாதையில் என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். நானும் சுற்றினேன்.

பேராசிரியர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒன்று ஆம் என்கிறது, ஒன்று இல்லை என்கிறது. முதல் படத்தில் பட்டை ஏன் வந்தது என்று தெரியாதவரை இரண்டாவதையும் நம்ப மாட்டேன் என்றார். மூன்றாவது முறை செய்யக் காலம் இல்லை. வேறு யாராவது பிறகு பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் வேலைக்குப் போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. அந்த நியாயத்தில் ஓட்டையும் இல்லை. அவர் கேட்ட காரணம், அவருக்கு நாலு முழம் தள்ளிக் கையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தது.

7

மறுநாள் சாயங்காலம் நோன்பு திறக்க நஸ்ரினை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். முன்பே சொன்னது, மாற்ற முடியவில்லை. வருவாளோ மாட்டாளோ என்று இருந்தேன். வந்தாள். வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினாள். நான் நோன்புக் கஞ்சி காய்ச்சியிருந்தேன். பூண்டு கொஞ்சம் கூடிவிட்டது. அவள் வாசனை பிடித்துவிட்டு, "எங்க பள்ளிவாசல் கஞ்சிக்குக் கிட்ட வந்துட்டீங்கக்கா" என்றாள்.

மேசையைச் சுற்றி மூன்று பேர். என் கணவர் வேலையாக வெளியூர் போயிருந்தார். பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு நஸ்ரின் கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் எழுந்து போய்க் கூடத்து விளக்கைப் போட்டேன், அடுப்படி விளக்கைப் போட்டேன், யாருமே இல்லாத படுக்கையறை விளக்கையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இனியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நஸ்ரின் வந்தால் மட்டும் அவள் தமிழ் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததை எடுத்துவிட்டாள். பெற்றோர் தினத்தன்று அரங்கத்தை இருட்டாக்கிப் படம் ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். அம்மா தாமதமாக வந்து, கதவைத் திறந்ததும் எல்லா விளக்கையும் போட்டுவிட்டாளாம். "நூறு பேரு திரும்பிப் பாத்தாங்க. நான் செத்துட்டேன். அம்மா எங்க போனாலும் இப்படித்தான், சாயங்காலமானா கை தானாப் போயிடும். ஓட்டல், ஆஸ்பத்திரி, எங்கயும்."

நஸ்ரின் சிரித்தாள். என்னைப் பார்த்தும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. எனக்குத் தெரிந்துவிட்டது.

நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டதென்று கைபேசி சொன்னது. அவள் பழத்தை வாயில் போட்டாள், தண்ணீர் குடித்தாள். கஞ்சியைக் கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தாள். இனியா தன் அறைக்குப் போன பிறகுதான் பேசினாள்.

"நான் வந்து பாத்தப்ப ஃபாயில் போட்டிருந்துச்சு. நீங்க உள்ள போயிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா நீங்க லைட்டு போடலன்னு சொன்னீங்க. அதோட அந்தக் கேள்வியவே நான் விட்டுட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். போட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு நேரம் பிடித்தது. எவ்வளவு நேரம் எரிந்தது என்று கேட்டாள். பதினைந்து நிமிடம் என்றேன். அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அந்த மங்கல் பட்டைக்குப் பதினைந்து நிமிடம் சரியாக இருக்கும் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"சொல்லிடுங்கக்கா. நான் சொன்னா, தப்பிக்கிறதுக்கு உங்க தலைல கட்டுறேன்னு நெனப்பாரு. நீங்கதான் சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

8

மறுநாள் காலை முதல் வேலையாகப் பேராசிரியரின் அறைக்குப் போனேன். இரவெல்லாம் ஜெர்மனில் வாக்கியங்களைக் கோத்து வைத்திருந்தேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். சுவிட்சு, பதினைந்து நிமிடம், திறந்த தட்டு, அலுமினியத் தாள். சித்தியையும் விரியனையும்கூடச் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கதை கேட்பவரின் முகம் அவருக்கு வந்துவிட்டது.

அவர் எழுந்து போய் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். என் பெயர், அதற்கு நேரே 'இல்லை'. மூன்று மாதத்துக்கு முன் இல்லை, இன்று ஆம். நடுவில் என்ன மாறியது என்று கேட்டார். அவருக்குத் தெரிந்து மாறியது ஒன்றுதான், நஸ்ரினின் வேலை போகப் போகிறது.

பயந்துவிட்டேன், என் அனுமதிக்கு உங்கள் கடிதம் தேவைப்பட்டது என்றேன். அதையும் அவர் நம்பவில்லை. ஒரு விளக்கைப் போட்டதற்காக நான் கடிதத்தை நிறுத்துவேனா என்றார். உண்மையாகவே புரியாமல் கேட்டார். காகிதத்துக்காகக் காத்துக் கிடக்கிற பயம் பிறந்ததிலிருந்து கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் புரியாது. அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. அந்த அறையில் என்னை யார் பார்த்தது? ஒருவரும் இல்லை. அந்தக் குழல்விளக்கு எங்கே? இல்லை. அந்தச் செல்கள்? மிச்சமில்லை.

பிறகு அவர் என் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்கள் இருவரும் ஒரே பகுதிக்காரர்கள். அந்தப் பெண்ணுக்காகப் பழியைச் சுமக்க வந்திருக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது, ஃப்ராவ் முருகையன். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் நல்ல மனசை நான் நோட்டுப் புத்தகத்தில் எழுத முடியாது."

நான் மறுத்தேன். மறுக்க மறுக்க அவருடைய முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. பொய் சொன்னபோது ஒரே சொல்லில் நம்பினார்கள். உண்மைக்கு அரை மணி நேரம் பேசியும் போதவில்லை.

நடைபாதையில் நஸ்ரின் நின்றுகொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன், நம்பவில்லை என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். உண்மையிலேயே சொன்னேனா என்று அவளுக்கும் ஒரு நொடி சந்தேகம் வந்தது. அதை அவள் கண்ணில் பார்த்தேன். கேட்கவில்லை. "சரிக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனாள். ஜூனில் ஊருக்குத் திரும்பிவிட்டாள், பட்டம் இல்லாமல்.

9

இந்த மாதத் தொடக்கத்தில் வேறொரு நாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அதே புரதம், அதே ஆர்என்ஏ, விடாத அதே பிடி. நஸ்ரின் சொன்னது அத்தனையும் வேறு பெயர்களில் அச்சாகியிருந்தது. அவர்களுடைய இருட்டுத் தட்டு சுத்தமாக இருந்தது.

பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். கட்டுரை அவர் மேசைமேல் கிடந்தது. அன்று நீங்கள் சொன்னது உண்மைதானா என்று கேட்டார். ஆம் என்றேன். கட்டுரையை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். அப்புறம், இனி இதைப் பேசி யாருக்கும் லாபமில்லை, நமக்குள் இருக்கட்டும் என்றார். நான் சரி என்றேன். அவர் சொன்ன 'நமக்குள்' என்ற சொல் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். கேக் வெட்டியது அதற்குப் பிறகு.

இரண்டு நாள் தயங்கிவிட்டு நஸ்ரினைக் கூப்பிட்டேன். பட்டுக்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு உயிரியல் நடத்துகிறாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. கட்டுரையைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்.

"படிச்சிட்டேன்க்கா. நல்லாப் பண்ணிருக்காங்க."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள், இனியா எப்படி இருக்கிறாள், தமிழ் பேசுகிறாளா என்று விசாரித்தாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

"வச்சிடுறேன்க்கா. ஒடம்பப் பாத்துக்குங்க."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இன்னமும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தச் சொல்லை மறுபடி கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அதற்குப் பிறகு நான் அவளைக் கூப்பிடவில்லை.